முன்கதை தெரியாத எஞ்சின்

கிள்ளான் பள்ளத்தாக்கில் டர்போ பொருத்திய சிறு கார்கள் பெருகியதற்கு இளைஞர்களின் வேக ஆசையை மட்டும் காரணமாகக் காட்டினால் விளக்கம் பாதியிலேயே நின்றுவிடும். மலேசியாவின் சாலை வரிக் கணக்கும், ஜப்பானின் வாகனப் பரிசோதனைச் சட்டமும், உள்நாட்டுக் கார் நிறுவனமான புரோட்டோனுக்கு மிட்சுபிஷியோடு இருந்த உறவும் 1990களில் ஒன்றுசேர்ந்ததால் உருவான பழக்கம் அது. தீபகற்ப மலேசியாவில் தனியார் காருக்கான சாலை வரி எஞ்சினின் கொள்ளளவைக் கொண்டு, அதாவது சிலிண்டர்களுக்குள் பிஸ்டன்கள் ஏறி இறங்கும் இடத்தின் மொத்த அளவைக் கொண்டு, விதிக்கப்படுகின்றது; எஞ்சின் எவ்வளவு ஆற்றல் தருகின்றது என்பதை அந்தக் கணக்கு கேட்பதில்லை. 1,000 சிசிக்கு உட்பட்ட காருக்கு ஆண்டுக்கு 20 ரிங்கிட், 1,600 சிசி வரை 90 ரிங்கிட் என்று நிதானமாக ஏறும் கட்டணம், 2,500 சிசியில் 880 ரிங்கிட்டாகவும் 3,000 சிசியில் 2,130 ரிங்கிட்டாகவும் தாவுகின்றது. வெளியேறும் புகையின் விசையால் ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அதே தண்டின் மறுமுனையிலுள்ள இன்னொரு சக்கரத்தால் காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளுகின்ற டர்போ, சிறிய எஞ்சினைப் பெரிய எஞ்சினின் வேலையைச் செய்ய வைப்பதால், மாதச் சம்பளக்காரர் ஒருவர் பெரிய வரி கட்டாமலேயே பெரிய எஞ்சினின் இழுவையைப் பெறுவதற்கு அது ஒன்றே வழியாக இருந்தது.

அந்த டர்போக்கள் வந்த வழியும் ஒரு சட்டத்தின் விளைவே. ஜப்பானில் புதிய கார் மூன்றாம் ஆண்டிலும், அதன்பின் இரண்டாண்டுக்கு ஒருமுறையும் ‘ஷாகென்’ எனப்படும் கட்டாயப் பரிசோதனைக்கு உட்பட வேண்டும். காருக்கு வயது ஏற ஏற அதற்காகச் செய்ய வேண்டிய பழுதுபார்ப்பின் செலவும் ஏறுவதால், நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கார்களைக்கூட அங்குப் பலர் கழித்துவிடுகின்றனர். அவற்றை முழுக் காராக மலேசியாவுக்குக் கொண்டுவர ‘ஏபி’ என்னும் இறக்குமதி அனுமதியும் கனத்த வரிகளும் குறுக்கே நின்றன. ஆனால் முன்கதவுகளை ஒட்டி இரண்டாக அறுக்கப்பட்ட கார் சட்டத்தின் பார்வையில் கார் அன்று, பழைய உதிரிப்பாகம். எஞ்சின், கியர்பாக்ஸ், வயரிங், கணினிப் பெட்டி, ரேடியேட்டர், முன்பிரேக், மீட்டர் பலகை எல்லாம் பொருத்தியபடியே இருக்கும் அந்த முன்பாதிக்கு ‘ஹாஃப்கட்’ என்று பெயர். கிள்ளான் துறைமுகத்தில் கன்டெய்னர்களில் வந்திறங்கிய இந்த முன்பாதிகள் காப்பார் சாலையிலும் மேரு பக்கத்திலும் தகரக் கொட்டகைகளில் அடுக்கப்பட்டன. 2009இல் மறுஆய்வு செய்யப்பட்ட தேசிய வாகனக் கொள்கை பழைய உதிரிப்பாகங்களின் இறக்குமதியை 2011 ஜூன் முதல் நிறுத்தப்போவதாக அறிவித்தபோது, கொட்டகைக்காரர்கள் மட்டுமின்றி, அவர்களை நம்பிப் பழைய கார்களை ஓட்டிக்கொண்டிருந்த சாதாரணக் குடும்பங்களும் கலங்கின. அந்தத் தடை நடைமுறைக்கு வராமற்போனது பலருக்கு நிம்மதியளித்தது.

இவ்வாறு வந்தவற்றுள் புரோட்டோன் சத்ரியாவுக்குப் பொருந்திய எஞ்சின் தனியிடம் பெற்றது. 1990களின் நடுவில் வெளிவந்த சத்ரியா மூன்று கதவு கொண்ட ஹாட்ச்பேக், அதாவது டிக்கி தனியாகப் பின்னால் நீளாமல் பின்கண்ணாடியோடு சேர்ந்து மேல்நோக்கித் திறக்கும் உடலமைப்பு கொண்ட கார். அதன் உடல் மிட்சுபிஷி மிராஜிடமிருந்து வந்தது. மிராஜும் அக்காலத்து லான்சரும் ஒரே அடித்தளத்தில் எழுந்தவை. ஆகவே லான்சர் ஜிஎஸ்ஆர் காரில் இருந்த 4ஜி93 டர்போ எஞ்சின் (1,834 சிசி, நான்கு சிலிண்டர், பதினாறு வால்வு, 195 குதிரைத்திறன்) சத்ரியாவின் பானட்டுக்குள் பெரிய அறுவை வேலை இல்லாமலே அமர்ந்தது. அதே 4ஜி93இன் டர்போ இல்லாத வடிவத்தைத் தொழிற்சாலையே பொருத்தி, 1996இல் புரோட்டோன் வாங்கிய லோட்டஸ் நிறுவனத்தின் பொறியாளர்களைக் கொண்டு ஸஸ்பென்ஷனைச் செப்பனிட்டு, சத்ரியா ஜிடிஐ என்ற பெயரில் விற்றதால், அந்த எஞ்சினை அந்த உடல் தாங்கும் என்பதற்கு வேறு சான்று தேவைப்படவில்லை. 1.3 லிட்டர் சத்ரியாவுக்கு வரி 70 ரிங்கிட். 1,834 சிசிக்கு ஏறினால் 297 ரிங்கிட். ஆற்றலில் ஏற்பட்ட உயர்வோடு ஒப்பிட்டால் இந்தக் கூடுதல் செலவு மிகச் சிறியது.

வசதி குறைந்தவர்களுக்கு 1994இல் வந்த பெரோடுவா கஞ்சில் இருந்தது. அது டைஹாட்சு மீராவின் உடன்பிறப்பு என்பதால் மீராவின் 660 சிசி டர்போ எஞ்சின் அதற்குள் நேராக நுழைந்தது; ஜப்பானியச் சிறு கார்களுக்கு உற்பத்தியாளர்கள் தங்களுக்குள் வகுத்துக்கொண்ட 64 குதிரைத்திறன் வரம்பு கஞ்சிலின் சொந்த எஞ்சினைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு, சாலை வரியோ அதே 20 ரிங்கிட். 135 குதிரைத்திறன் தந்த டொயோட்டா ஸ்டார்லட் டர்போவுக்கும் தனிக் கூட்டம் இருந்தது. எனினும் கட்டுரையாளருக்குச் சொந்தமாக இருந்தது சத்ரியாவே, அவர் நெடுங்காலம் நெருங்கிப் பழகியதும் அதனோடுதான் என்பதால் இக்கட்டுரை அதனையே மையமாகக் கொள்கின்றது.

எஞ்சின் மாற்றும் இந்த வேலையைச் செய்த கைகளைப் பற்றி எழுதப்பட்டவை மிகக் குறைவு. கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே ஊழியர்களின் குடியிருப்பாக வளர்ந்த பகுதி. செந்தூல் ரயில் பணிமனையில் தமிழகத்திலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வந்தவர்களும் அவர்தம் பிள்ளைகளும் நீராவி எஞ்சின் காலத்திலிருந்தே இரும்போடு பழகினர். கிள்ளானில் அந்தப் பழக்கம் தோட்டத்து டிராக்டரிலும் ரப்பர்ப்பால் லாரியிலும் தொடங்கித் துறைமுக லாரிகளுக்கு வந்து சேர்ந்தது. பின்னாளில் ஷா ஆலாமின் மோன்ட்ஃபோர்ட் பாய்ஸ் டவுன் போன்ற தொழிற்பயிற்சி நிலையங்களில் படித்து வந்த இளைஞர்களும் அந்த வரிசையில் சேர்ந்தனர். மலேசியத் தமிழர் ‘ஃபோர்மேன்’ என்று அழைக்கும் மெக்கானிக், பெரும்பாலும் சீனர் ஒருவருக்குச் சொந்தமான பட்டறையில், முதலாளியாகிய தவுக்கேயிடம் கிள்ளான் என்றால் ஹொக்கியனிலும் கோலாலம்பூர் என்றால் கண்டனீசிலும் விலை பேசி, லாரிக்காரரிடம் மலாயில் வழி சொல்லி, காரைக் கொண்டுவந்த பையனிடம் “தம்பி, இந்த எஞ்சின் வேணாம்” என்று தமிழில் முடிப்பவராக இருந்தார். அந்த ஒற்றை வாக்கியத்தால் பல இளைஞர்களின் சேமிப்பு காப்பாற்றப்பட்டது.

ஹாஃப்கட் எஞ்சினுக்கு முன்கதை கிடையாது என்பதே அதன் அடிப்படைச் சிக்கல். அது எத்தனை ஆண்டு ஓடியது, எப்போது எண்ணெய் மாற்றப்பட்டது, எந்த மலைச்சாலையில் எவர் கையில் துன்பப்பட்டது என்பதைச் சொல்லும் ஏடு எதுவும் கன்டெய்னரில் வருவதில்லை. மீட்டர் பலகையில் தெரியும் கிலோமீட்டர் கணக்கை நம்புவோரும் இல்லை. ஆகவே கொட்டகையில் நடக்கும் தேர்வு, எஞ்சினின் உடலிலேயே அதன் வரலாற்றைப் படிக்கும் முயற்சியாக அமைந்தது. கிள்ளானில் கட்டுரையாளருக்கு எஞ்சின் தேர்ந்து கொடுத்த ஃபோர்மேன் அண்ணன் முதலில் எண்ணெய் மூடியைத் திறந்து அதன் உட்புறத்தைப் பார்ப்பார். அங்கே கறுத்த தார்போல் படிவு இருந்தால் முந்தைய உரிமையாளர் எண்ணெயை மாற்றாமல் ஓட்டியிருக்கின்றார் என்றும், வெளிறிய களிம்புபோல் இருந்தால் எண்ணெயோடு நீர் கலந்திருக்கின்றது, பெரும்பாலும் ஹெட் கேஸ்கட் போயிருக்கும் என்றும் பொருள். அடுத்து ரேடியேட்டர் குழாயைக் கழற்றி உள்ளே துருவின் நிறம் தெரிகின்றதா என்று பார்ப்பார். 4ஜி93இன் பிளாக் வார்ப்பிரும்பு, அதன்மேல் அமரும் ஹெட் அலுமினியம். கூலன்ட் இல்லாமல் வெறும் குழாய்த் தண்ணீரில் ஓடியிருந்தால் ஒன்று துருப்பிடித்திருக்கும், மற்றொன்று அரித்துப்போயிருக்கும்.

டர்போவைச் சோதிப்பதில் அவருடைய பொறுமை மிகுதி. காற்று உள்ளே போகும் குழாயைக் கழற்றி, தண்டின் முனையை இரு விரல்களால் பிடித்து, பக்கவாட்டில் அசைத்துப் பார்ப்பார். அந்தத் தண்டு எண்ணெய்ப் படலத்தின்மீது மிதந்து சுழல்வதற்காக வடிவமைக்கப்பட்டது என்பதால், எண்ணெய் இல்லாத நிலையில் பக்கவாட்டில் சிறிதளவு ஆட்டம் இருப்பது இயல்பே. ஆனால் முன்னும் பின்னும் இழுத்தால் அசையக்கூடாது. அசைந்தால் தாங்கி தேய்ந்துவிட்டது, விரைவில் சக்கரத்தின் இதழ்கள் கூட்டை உரசும். இதழ்களின் விளிம்பில் சிறு சிதைவு தென்பட்டால், முன்பு காற்று வடிகட்டி இல்லாமல் ஓட்டப்பட்டிருக்கலாம் என்று ஒதுக்கிவிடுவார். இறுதியில் ஒரு பாட்டரியை இணைத்து, பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் கருவி கொண்டு அளப்பார். அளவு உயர்ந்திருப்பதைவிட நான்கும் ஒன்றுக்கொன்று நெருங்கியிருப்பதையே அவர் முக்கியமாகக் கருதினார், ஏனெனில் ஒன்று மட்டும் தாழ்ந்திருந்தால் அந்த ஒரு சிலிண்டருக்குள் ஏதோ நடந்திருக்கின்றது. வயரிங் அறுபடாமல் முழுமையாக இருக்கின்றதா என்பதும் பார்க்கப்பட்டது. அவசரத்தில் வெட்டப்பட்ட வயரிங்கை ஒட்டிச் சேர்க்கும் வேலை, ஈரப்பதம் மிகுந்த இந்த நாட்டில், ஆண்டுக்கணக்கில் தொல்லை தரும்.

தேர்ந்தெடுத்த எஞ்சினை உடனே பொருத்தி ஓட்டிப் பார்க்கும் ஆசையை அடக்குவதே உரிமையாளரின் முதற்கடமை. எஞ்சின் வெளியே ஸ்டாண்டில் நிற்கும்போது டைமிங் பெல்ட்டும் அதன் டென்ஷனரும், நீர் பம்பும், முன்பின் எண்ணெய் சீல்களும், கிளட்சும் மாற்றப்பட வேண்டும். டைமிங் பெல்ட் என்பது பிஸ்டன்களின் ஏற்றத்தையும் வால்வுகளின் திறப்பையும் ஒரே தாளத்தில் கட்டிவைக்கும் ரப்பர்ப் பட்டை. அது அறுந்தால் திறந்து நிற்கும் வால்வும் ஏறிவரும் பிஸ்டனும் மோதி, அன்று வாங்கிய எஞ்சின் அன்றே பழைய இரும்பாகும். எஞ்சின் உள்ளே ஏறிவிட்டால் இதே வேலைக்கு நேரமும் கூலியும் கூடுதல். அக்காலத்தில் பல இளைஞர்கள், கியர் மாற்றும்போது காற்றை ஓசையோடு வெளியேற்றும் ‘புளோ ஆஃப்’ வால்வுக்குச் செலவழித்த தொகை, இந்த ரப்பர்ப் பொருள்கள் அனைத்துக்கும் போதுமானதாக இருந்தது என்பதை இங்குச் சொல்லாமல் இருக்க முடியாது.

மளிகைக் கடைகளில் கடன் கணக்கு எழுதப் பயன்படும் ‘555’ என்ற சிறு குறிப்புப் புத்தகம் மலேசியாவில் எல்லா இனத்தவருக்கும் அறிமுகமானது. கட்டுரையாளரின் காருக்கும் அத்தகைய புத்தகம் ஒன்று கையுறைப் பெட்டியில் வைக்கப்பட்டது. எஞ்சின் ஏறிய தேதி, அன்றைய கிலோமீட்டர், நான்கு சிலிண்டர்களின் அழுத்தம், மாற்றிய பெல்ட்டின் எண், எண்ணெயின் வகை என்று முதல் பக்கம் ஃபோர்மேன் அண்ணனின் கையெழுத்தில் தொடங்கியது. முன்கதை இல்லாத எஞ்சினுக்கு அன்றிலிருந்தாவது கதை எழுதப்பட வேண்டும் என்பதே அவர் கருத்து. டர்போ காரை வைத்திருப்பதன் சாரம் மாற்றியமைத்தலில் இல்லை, அறிந்துகொள்ளுதலில் இருக்கின்றது என்று கட்டுரையாளர் கருதுவதற்கு அந்தப் புத்தகமே காரணம். எதை எப்போது செய்தோம் என்று தெரிந்திருந்தால்தான், ஒரு மாற்றத்துக்குப் பின் தோன்றும் கோளாறு அந்த மாற்றத்தால் வந்ததா, முன்பே இருந்ததா என்று பிரித்தறிய முடியும்.

அந்தப் புத்தகத்தின் பக்கங்களில் பெரும்பகுதியை நிரப்பியது வெப்பம். கோலாலம்பூரில் ஆண்டு முழுவதும் பகல் வெப்பம் 32, 33 டிகிரியை ஒட்டியிருக்கின்றது. மாலையில் கூட்டரசு நெடுஞ்சாலையில் கிள்ளான் நோக்கி நகரும் நெரிசலில், முன்னால் நிற்கும் லாரியின் புகையும் தார்ச்சாலையின் தகிப்பும் சேர, ரேடியேட்டருக்குள் நுழையும் காற்று அதைவிட மிகச் சூடானது. டர்போ காற்றை அழுத்தும்போது அந்தக் காற்று மேலும் சூடாகின்றது. ஏறத்தாழ 0.8 பார் அழுத்தத்துக்கு, அதாவது இயல்பான வளிமண்டல அழுத்தத்துக்கு மேல் இன்னும் ஐந்தில் நான்கு பங்கு சேர்த்து அழுத்தினால், அதன் வெப்பம் 100 டிகிரியைத் தாண்டும். சூடான காற்று விரிந்திருப்பதால் அதில் எரிப்புக்கான ஆக்சிஜன் குறைவு. அதனைவிடக் கேடானது, அந்தச் சூட்டில், தீப்பொறி மூட்டிய சுடர் வந்து சேர்வதற்கு முன்பே, எஞ்சிய பெட்ரோல் தானாக வெடித்துப் பிஸ்டனை அடிக்கும். இதனை நாக்கிங் என்பர். அதனால்தான் டர்போவுக்கும் எஞ்சினுக்கும் நடுவே ‘இன்டர்கூலர்’ எனப்படும், காற்றைக் குளிரவைக்கும் அலுமினியக் கூடு வைக்கப்படுகின்றது. அதனை முன்பம்பருக்குப் பின்னால் பெரிதாக நிறுத்துவது அழகுக்காகப் பலர் செய்த வேலை என்றாலும், இந்த நாட்டின் தட்பவெப்பத்தில் அது நியாயமான வேலையும்கூட. ஆயினும் அதே கூடு ரேடியேட்டருக்கு வரும் காற்றை மறைக்கின்றது என்பதால், ரேடியேட்டரைத் தடித்த அலுமினிய வகைக்கு மாற்றாமலும் விசிறிகளை வலுவாக்காமலும் இன்டர்கூலரை மட்டும் பெரிதாக்கியவர்கள், எஞ்சினின் ஒரு சூட்டைத் தணித்து இன்னொரு சூட்டை ஏற்றினார்கள்.

வெப்பத்தைப் பற்றிய தவறான நம்பிக்கைகளில் வேரோடியது தெர்மோஸ்டாட்டைக் கழற்றும் பழக்கம். எஞ்சின் உரிய வெப்பத்தை அடையும்வரை கூலன்ட்டை ரேடியேட்டருக்குச் செல்லவிடாமல் தடுக்கும் சிறு வால்வே தெர்மோஸ்டாட். பனிக்காலம் இல்லாத நாட்டில் அதற்கு என்ன தேவை என்று கேட்டு, பழைய பட்டறைகள் பலவற்றில் அதனைக் கழற்றி எறிவது வழக்கமாக இருந்தது. ஆனால் அது இல்லாத எஞ்சின் நெடுஞ்சாலை வேகத்தில் தேவைக்குக் கீழே குளிர்ந்துபோகின்றது. எஞ்சின் இன்னும் சூடேறவில்லை என்று கருதும் ஈசியூ, அதாவது எரிபொருளையும் தீப்பொறியையும் ஆளும் கணினிப் பெட்டி, பெட்ரோலைக் கூடுதலாக ஊற்றுகின்றது. எரியாத பெட்ரோல் சிலிண்டர்ச் சுவர் வழியாக எண்ணெயில் கலந்து அதனை நீர்க்கச் செய்கின்றது. நீர்த்த எண்ணெயை நம்பித்தான் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும் டர்போவின் தண்டு மிதக்க வேண்டியிருக்கின்றது. சூட்டைக் குறைக்கச் செய்த வேலை டர்போவின் ஆயுளைக் குறைப்பதில் முடியும் இந்தச் சங்கிலியை ஃபோர்மேன் அண்ணன் ஒவ்வொரு கண்ணியாக விளக்கிச் சொல்வார். மூத்த மெக்கானிக்குகளிடம் அதைச் சொல்லும்போது மட்டும் குரலைத் தாழ்த்தி, “அண்ணே, இது டர்போ எஞ்சின்ணே, இதுக்கு மட்டும் வச்சுருவோம்” என்பார். அவர்களின் அனுபவத்தை அவமதிக்காமல் காரைக் காப்பாற்றும் நயம் அவருக்குத் தெரிந்திருந்தது.

எண்ணெயைப் பொறுத்தவரை விதி எளிது. புகை நுழையும் பக்கத்தில் 800 டிகிரிக்கு மேல் காயும் டர்போ, எஞ்சின் திடீரென்று நிறுத்தப்பட்டால், உள்ளே தங்கிய எண்ணெயைக் கருக்கிக் கரியாக்கிவிடும். மலைச்சாலையிலிருந்து இறங்கியவுடன் சாவியைத் திருகாமல் ஓரிரு நிமிடம் நிதானமாக ஓடவிட வேண்டும். சாவியை எடுத்த பின்னும் எஞ்சினைச் சிறிது நேரம் ஓடவைக்கும் ‘டர்போ டைமர்’ என்னும் ஜப்பானியக் கருவி அக்காலத்தில் எல்லோருடைய டாஷ்போர்டிலும் ஒளிர்ந்தது. கடைசிச் சில கிலோமீட்டரை மெதுவாக ஓட்டிவந்தால் அதற்குத் தேவையே எழாது. செயற்கை எண்ணெயையும் வடிகட்டியையும் 5,000 கிலோமீட்டருக்குள் மாற்றிவிடுவது கட்டுரையாளர் கடைப்பிடித்த வழக்கம்.

பெட்ரோல் இன்னொரு சிக்கலை உண்டாக்கியது. நாக்கிங்கைத் தாங்கும் திறனைக் குறிக்கும் ஆக்டேன் எண் ஜப்பானின் உயர்வகைப் பெட்ரோலில் பெரும்பாலும் 98 முதல் 100 வரை இருக்கும். லான்சர் ஜிஎஸ்ஆரின் ஈசியூ அதற்கேற்பத் தீப்பொறியின் நேரத்தைக் கணக்கிட்டு வைத்திருந்தது. மலேசியாவில் அக்காலத்தில் கிடைத்ததில் உயர்ந்தது ரோன் 97. 2009இல் ரோன் 92 நிறுத்தப்பட்டு ரோன் 95 மானிய விலையில் பரவலானதும், பின்னர் ரோன் 97இன் விலை சந்தைக்கு விடப்பட்டதும், டர்போ கார் வைத்திருந்தோரின் மாதச் செலவில் உடனே எதிரொலித்தன. கிள்ளான் வெயிலில் ரோன் 95 ஊற்றி, அழுத்தத்தையும் கூட்டி ஓட்டுவதைவிட விரைவாக ஓர் எஞ்சினை அழிக்கும் வழி இல்லை. அழுத்தத்தைக் கூட்டுவதோ மிக மலிவு: டர்போவின் அழுத்தம் எல்லை மீறாமல் புகையை வேறு வழியில் திருப்பிவிடும் ‘வேஸ்ட்கேட்’ என்ற கதவுக்குச் செல்லும் சிறு குழாயில், கையால் திருகும் ஒரு வால்வைப் பொருத்தினால் போதும். அழுத்தம் கூடிக் காற்றளவு எல்லையை மீறும்போது ஈசியூ பெட்ரோலை ஒரு கணம் நிறுத்தி எஞ்சினைக் காக்கும். அந்தக் காப்பையும் ஏமாற்றுவதற்கு ஒரு மின்கருவி விற்கப்பட்டது. தன்னைக் காத்துக்கொள்ள எஞ்சினுக்கு இருந்த ஒரே வாயை அடைக்கும் அந்தக் கருவியை ஃபோர்மேன் அண்ணன் தம் பட்டறையில் பொருத்த மறுத்தார். அதனால் வாடிக்கையாளர் சிலரை இழக்கவும் செய்தார்.

முறையான வழி நீண்டது. பெரிய இன்ஜெக்டர்கள், வலுவான பெட்ரோல் பம்ப், ஈசியூவுக்கும் எஞ்சினுக்கும் நடுவே அமர்ந்து கட்டளைகளைத் திருத்தும் ‘பிக்கிபேக்’ கணினி, புகையில் எஞ்சிய ஆக்சிஜனை அளந்து காற்று-பெட்ரோல் விகிதத்தைக் காட்டும் மீட்டர், இறுதியில் காரை உருளைகளின்மேல் நிறுத்தி ஓட்டி ஆற்றலை அளக்கும் டைனோ என்று ஒவ்வொன்றும் மற்றொன்றைச் சார்ந்தது. பழைய ஈசியூக்களின் உள்ளேயிருக்கும் மின்தேக்கிகள் வயதாகிக் கசிந்து பலகையை அரிப்பதும் உண்டு என்பதால், புதுக் கணினி சேர்ப்பதற்கு முன் பழைய பெட்டியைத் திறந்து பார்ப்பது வழக்கமாயிற்று. கட்டுரையாளரின் காரில் அழுத்தம் தொழிற்சாலை அளவைவிடச் சிறிதே கூட்டப்பட்டது. அதற்குமேல் செல்ல விரும்பினால் பிஸ்டன்களை மாற்ற வேண்டும் என்பதும், பிஸ்டனை மாற்றினால் கிளட்சும் கியர்பாக்ஸும் தாங்கா என்பதும் அந்தச் சிறு புத்தகத்தில் முன்கூட்டியே கணக்கிட்டு எழுதப்பட்டிருந்தன.

லான்சர் ஜிஎஸ்ஆர் நான்கு சக்கரமும் இழுக்கும் கார்; சத்ரியா முன்சக்கரம் மட்டும் இழுப்பது. ஆகவே எஞ்சினோடு வந்த கியர்பாக்ஸை ஒதுக்கிப் பொருந்தும் முன்சக்கர கியர்பாக்ஸைத் தேட வேண்டியிருந்தது. நான்கு சக்கரங்களுக்குப் பகிரப்பட வேண்டிய விசை இரண்டில் இறங்கியதால், இரண்டாம் கியரில் ஆக்சிலரேட்டரை அழுத்தினால் ஸ்டீயரிங் தானாக ஒரு பக்கம் இழுத்தது. இதற்கு எஞ்சின் மவுண்டிங் ரப்பர்களையும் கீழ்க்கை புஷ்களையும் புதிதாக்குவதே முதல் மருந்து.

பிரேக்கைப் பற்றிய அறிவைப் பலரும் மலையில்தான் பெற்றனர். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்திலுள்ள கெந்திங் உச்சியிலிருந்து கோம்பாக் நோக்கி இறங்குகையில், எடை கூடிய டர்போ காரை 1.3 லிட்டர் காருக்கென்று செய்யப்பட்ட பிரேக் தாங்காது. ஹாஃப்கட்டில் வந்த பெரிய டிஸ்க்குகளையும் காலிப்பர்களையும் பொருத்துவது அதனால் கட்டாயமானது. பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. புதிய டாட் 4 எண்ணெய்க்குக் குறைந்தது 230 டிகிரி கொதிநிலை, ஈரம் ஏறியபின் அது 155 டிகிரி வரை தாழும். கொதித்து ஆவியானால் மிதி வெறுமையாகத் தரையைத் தொடும். மலேசியாவின் ஈரக்காற்றில் ஆண்டுக்கு ஒருமுறையாவது இந்த எண்ணெயை மாற்றாமல் மலையேறுவது பொறுப்பற்ற செயல். உலு யாம் சாலையிலும் கெந்திங் சாலையிலும் நள்ளிரவில் நடந்த போட்டி ஓட்டங்களைக் கட்டுரையாளர் என்றும் ஏற்றதில்லை. அவை ஊர்மக்களின் சாலைகள். 1999இல் திறக்கப்பட்ட சிப்பாங் பந்தயத் தடத்தில், 5.543 கிலோமீட்டர் சுற்றைத் தலைக்கவசத்தோடு கட்டணம் செலுத்தி ஓட்டும் நாட்களில்தான் இத்தகைய காரின் குறைகள் நேர்மையாக வெளிப்பட்டன. அங்கு ஒரு சுற்று முடிவதற்குள் எண்ணெயின் சூடு சொல்லும் செய்தி, ஊர்ச்சாலையில் ஓராண்டு ஓட்டினாலும் கிடைக்காதது.

சட்டத்தின் பக்கமும் பராமரிப்பில் சேர்ந்ததே. எஞ்சின் மாற்றப்பட்டால் வாங்கிய ரசீதோடும் இறக்குமதிச் சான்றோடும் காரை வாகனப் பரிசோதனை நிலையத்துக்குக் கொண்டுசென்று, அதன்பின் ஜேபிஜே எனப்படும் சாலைப் போக்குவரத்துத் துறையில் புதிய எஞ்சின் எண்ணையும் கொள்ளளவையும் கெரானில், அதாவது பதிவுச் சான்றில், ஏற்ற வேண்டும். இதனைத் தவிர்த்துப் பழைய 1.3 லிட்டர் வரியிலேயே ஓடிய கார்கள் பல. விபத்தொன்று நேர்ந்து காப்புறுதி நிறுவனம் எஞ்சின் எண்ணை ஒப்பிடும் நாளில், அந்தச் சில நூறு ரிங்கிட் மிச்சத்துக்குக் கொடுக்கும் விலை ஒரு குடும்பத்தையே சாய்க்கக்கூடியது. கட்டுரையாளரின் கெரானில் 1,834 என்ற எண் ஏறிய நாளில் அவருடைய தாயார் காரைக் கோர்ட்டுமலைப் பிள்ளையார் கோயிலுக்குக் கொண்டுபோகச் சொல்லி, நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார். கோயிலுக்குப் போவதற்கு முன் சட்டப்படி எல்லாம் முடிந்துவிட்டதா என்று கேட்டதும் அவரே.

இன்றைய டர்போ ஹாட்ச்பேக்குகள் வேறு உலகத்தைச் சேர்ந்தவை. 2021இல் மலேசியாவுக்கு வந்த டொயோட்டா ஜிஆர் யாரிஸ் 1,618 சிசியில் 261 குதிரைத்திறன் தருகின்றது. சாலை வரி 207 ரிங்கிட் சொச்சம். கோல்ஃப் ஜிடிஐ வைத்திருப்போருக்கு ஈசியூவை மடிக்கணினியால் திருத்தி எழுதும் ‘ரீமேப்’ ஒரு மதிய நேரத்து வேலை. ஆனால் அதன் ஈரக்கிளட்ச் கியர்பாக்ஸின் எண்ணெயை உரிய காலத்தில் மாற்ற வேண்டும் என்பதும், பெட்ரோலை நேராகச் சிலிண்டருக்குள் தெளிக்கும் எஞ்சின்களில் உள்வால்வின்மேல் கரி படிகின்றது என்பதும் ரீமேப்பால் மாறுவதில்லை. இந்த நேரடித் தெளிப்பு முறையை 1996இல் பெருமளவு உற்பத்திக்குக் கொண்டுவந்த எஞ்சின்களுள் முன்னோடி அதே 4ஜி93 குடும்பத்தைச் சேர்ந்தது என்பதைச் சத்ரியாக்காரர்கள் பெருமையோடு சொல்வதுண்டு.

நல்ல 4ஜி93 டர்போ ஹாஃப்கட் இப்போது காப்பார் சாலையில் அரிது. டைமிங் பெல்ட், நீர் பம்ப் போன்றவை புரோட்டோனின் பழைய கார்களுக்குப் பொதுவானவை என்பதால் இன்னும் கிள்ளான் உதிரிப்பாகக் கடைகளில் மலிவாகக் கிடைக்கின்றன. காற்றளவு சென்சாரும் டர்போ மேனிஃபோல்டின் கேஸ்கட்டும் டர்போவுக்கு எண்ணெய் கொண்டுசெல்லும் உலோகக் குழாயும்தான் எளிதில் கிடைப்பதில்லை. அவற்றை எவரேனும் எங்காவது கண்டால் தமக்கு வேண்டாவிடினும் வாங்கிவைத்து, தேவைப்படுவோருக்கு வாங்கிய விலைக்கே கொடுக்கும் வழக்கம் கிள்ளானுக்கும் பிரிக்பீல்ட்ஸுக்கும் இடையே எஞ்சியிருக்கும் உரிமையாளர்களிடம் இருக்கின்றது. பழைய காரை விற்க வருபவரிடம் அவர்கள் டைனோ தாளைக் கேட்பதில்லை. முதலில் எண்ணெய் மூடியைத் திறக்கச் சொல்கின்றனர், பிறகு புத்தகம் இருக்கின்றதா என்று கேட்கின்றனர்.